‘இதுவரை’ என்பதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வது எப்படி?

தமிழில் ‘இதுவரை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் காரியத்தை முடித்துவிடலாம். ‘இதுவரை நாற்பது பக்கம் படித்திருக்கிறேன்’, ‘இதுவரை பதில் வரவில்லை’, ‘இதுவரை தெரியாது, இப்போது தெரிந்துகொண்டேன்’ என்ற மூன்றிலும் அதே சொல்தான். கேட்பவருக்கு எந்தக் குழப்பமும் வராது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று தனிச் சொற்கள் இருக்கின்றன. முதல் வாக்கியத்துக்கு ‘ஸோ ஃபார்’, இரண்டாவதற்கு ‘யெட்’, மூன்றாவதற்கு ‘அன்டில் நவ்’. இடம் மாற்றிப் போட்டால் சில இடங்களில் காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான். வேறு சில இடங்களில் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

தலைகீழாகும் இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். அங்கேதான் பண நஷ்டமும் கால நஷ்டமும் வருகிறது. ஒருவர் தனக்கு வரவேண்டிய தொகையைக் கேட்டு இப்படி மின்னஞ்சல் எழுதுகிறார்:

‘ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் த பேமென்ட் அன்டில் நவ்.’

எழுதியவர் மனதில் இருப்பது ‘பணம் இன்னும் வந்து சேரவில்லை’ என்பது. ஆங்கிலத்திலேயே புழங்குகிறவர் இதைப் படித்தால் ‘இத்தனை நாள் வராமல் இருந்தது, இப்போதுதான் வந்தது’ என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படி எடுத்துக்கொண்டால் ‘சரி, வந்துவிட்டது’ என்று கோப்பை மூடிவிடுவார். எழுதியவர் காத்துக்கொண்டே இருப்பார். சரியான வாக்கியம்: ‘ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் த பேமென்ட் யெட்.’ மாறியது கடைசிச் சொல் மட்டும்.

நோயாளியின் நிலையைக் குறிக்கும்போது இதே தவறு இன்னும் ஆபத்தானது. ‘நோ ஃபீவர் ஸோ ஃபார்’ என்றால் இந்த நிமிடம் வரை காய்ச்சல் இல்லை, இப்போதும் இல்லை. ‘நோ ஃபீவர் அன்டில் நவ்’ என்றால் இப்போது காய்ச்சல் வந்துவிட்டது என்று பொருள்படும்.

ஏன் இப்படி?

‘அன்டில்’ ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நிலை, அந்தப் பக்கம் வேறு நிலை. ‘ஐ டிடின்ட் ஸ்லீப் அன்டில் மிட்நைட்’ என்றால் நள்ளிரவு வரை தூங்கவில்லை, அதன் பிறகு தூங்கினேன். ‘ஷி ஒர்க்ட் அன்டில் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டார். அதே சுவரைக் கொண்டுபோய் ‘நவ்’ என்ற இடத்தில் நட்டால், இந்தக் கணத்தில் நிலை மாறிவிட்டது என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

‘ஸோ ஃபார்’ ஒரு மைல்கல். பயணம் முடியவில்லை, இத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று மட்டும் அது சொல்லும். சொல்லிலேயே ‘ஃபார்’ என்ற தூரம் உட்கார்ந்திருப்பதால் இதை நினைவில் வைப்பது எளிது.

சுவரா மைல்கல்லா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் சொல்ல வருவதைத் தமிழில் சொல்லிவிட்டு, பின்னால் ‘ஆனால் இப்போது மாறிவிட்டது’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘அன்டில் நவ்’. பொருந்தாவிட்டால் ‘ஸோ ஃபார்’ அல்லது ‘யெட்’. ‘இதுவரை தனியாகவே இருந்தேன், ஆனால் இப்போது மாறிவிட்டது’ என்பது பொருந்துகிறது. எனவே ‘அன்டில் நவ், ஐ ஹேவ் லிவ்ட் அலோன்.’ ‘இதுவரை மூன்று பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், ஆனால் இப்போது மாறிவிட்டது’ என்பது ஒட்டவில்லை. எனவே ‘த்ரீ பீப்பிள் ஹேவ் அப்ளைட் ஸோ ஃபார்.’

எதிர்மறை வாக்கியத்துக்கு இன்னொரு சாவி உண்டு. ‘நாட்’ வந்து பின்னால் ‘அன்டில்’ வந்தால், தமிழில் அது ‘தான்’ என்ற இடைச்சொல். ‘நாட் அன்டில் மண்டே’ என்றால் திங்கட்கிழமைதான். ‘ஐ டிடின்ட் நோ அன்டில் நவ்’ என்றால் இப்போதுதான் தெரியும். நீங்கள் ‘தான்’ போட்டுப் பேச நினைக்கவில்லை என்றால் ‘நாட்’டோடு ‘அன்டில் நவ்’ சேர்க்காதீர்கள். வேறு எந்த விதியும் நினைவில் இல்லாவிட்டாலும் இந்த ஒன்று பெரும்பாலான பிழைகளைத் தடுத்துவிடும்.

‘அப் டு நவ்’ என்பது ‘அன்டில் நவ்’, ‘ஸோ ஃபார்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாற்றம் நேர்ந்த இடத்திலும் வரும், நேராத இடத்திலும் வரும். சூழலைப் பார்த்துத்தான் படிப்பவர் முடிவு செய்வார். சந்தேகம் இருந்தால் அதை விட்டுவிட்டு, நினைத்ததைத் தெளிவாகச் சொல்லும் சொல்லையே போடுவது நல்லது. பேச்சில் ‘அப் அன்டில் நவ்’ என்றும் சொல்வார்கள், தவறில்லை. ‘அப்டில் நவ்’ என்று ஒரே சொல்லாக ஒட்டி எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ‘அன்டில்’ கடைசியில் ஒரே ஒரு ‘எல்’. ‘டில்’ கடைசியில் இரண்டு ‘எல்’. ‘அப் டு’ எப்போதும் இரண்டு சொல், சேர்த்து எழுதக்கூடாது. ‘அன்டில்’ என்பதைச் சுருக்கித்தான் ‘டில்’ வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ‘டில்’தான் பழைய சொல், ‘அன்டில்’ பின்னால் வந்தது. அதனால் ‘டில்’ முன்னால் அப்பாஸ்ட்ரஃபி குறி போட்டு எதையோ விட்டுவிட்டது போலக் காட்டத் தேவையில்லை. பொருளில் இரண்டும் ஒன்றே. ‘டில்’ கொஞ்சம் பேச்சுவழக்கு. அலுவல் எழுத்தில் ‘அன்டில்’ நிற்கட்டும்.

வினைச்சொல்லை எந்தக் காலத்தில் போடுவது?

‘இதுவரை’ என்பது கடந்த காலத்தில் தொடங்கி இந்தக் கணத்தைத் தொட்டு நிற்கிற காலம். அந்த நீளத்தைக் காட்ட ஆங்கிலத்தில் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ இருக்கிறது: ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’, அதோடு வினையின் மூன்றாம் வடிவம். ‘ஸோ ஃபார் ஐ ரெட் ஃபார்ட்டி பேஜஸ்’ என்பதைவிட ‘ஸோ ஃபார் ஐ ஹேவ் ரெட் ஃபார்ட்டி பேஜஸ்’ என்பதே சரி. தமிழிலும் இதற்கு நேரான வடிவம் இருக்கிறது: ‘படித்திருக்கிறேன்’. உடன்பாட்டில் ‘இருக்கிறேன்’ வந்தால் ‘ஹேவ்’ போடு என்று வைத்துக்கொண்டால் போதும், பெரும்பாலும் பிசகாது.

சிக்கல் எதிர்மறையில்தான். ‘வரவில்லை’ என்ற தமிழ்ச் சொல்லுக்குக் காலமே கிடையாது. ‘நேற்று வரவில்லை’, ‘இன்னும் வரவில்லை’, ‘நான் சினிமாவுக்கு வரவில்லை, நீங்கள் போங்கள்’ என்று மூன்று காலத்துக்கும் அதே வடிவம் ஓடுகிறது. ஆங்கிலத்தில் முதலாவது ‘டிடின்ட் கம்’, இரண்டாவது ‘ஹேஸன்ட் கம்’, மூன்றாவது ‘ஐ ஆம் நாட் கமிங்’. தமிழில் இந்தப் பிரிவு இல்லாததால் நம் வாய் முதலில் கிடைத்த ‘டிடின்ட்’டைப் பிடித்துக்கொள்கிறது. ‘டில் நவ் ஹி டிடின்ட் கம்’ என்ற வாக்கியம் பிறப்பது இப்படித்தான். இது அறிவுக்குறைவு இல்லை, இரண்டு மொழிகளின் அமைப்பு உரசுகிற இடம். காரணம் தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம்: ‘இல்லை’ என்று முடிக்கும்போதெல்லாம், நடக்காமல் போனதைச் சொல்கிறோமா, இன்னும் நடக்கக் காத்திருப்பதைச் சொல்கிறோமா என்று பாருங்கள். காத்திருப்பு என்றால் ‘ஹேஸன்ட்’ அல்லது ‘ஹேவன்ட்’.

அமெரிக்கப் பேச்சில் ‘டிட் யு ஃபினிஷ் யெட்?’ என்று சாதாரண இறந்தகாலத்தோடு ‘யெட்’ கேட்பது இயல்பு. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ் யு ஃபினிஷ்ட் யெட்?’ தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் இரண்டாவதே பத்திரம்.

‘ஸோ ஃபார்’: எங்கே உட்காரும், எங்கே உட்காராது

வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும், முடிவில் வரும், ‘ஹேஸ்’ என்பதற்கும் வினைக்கும் நடுவிலும் வரும். ‘ஸோ ஃபார், த கம்பெனி ஹேஸ் சோல்ட் டூ ஹண்ட்ரட் யூனிட்ஸ்’, ‘த கம்பெனி ஹேஸ் சோல்ட் டூ ஹண்ட்ரட் யூனிட்ஸ் ஸோ ஃபார்’, ‘த கம்பெனி ஹேஸ் ஸோ ஃபார் சோல்ட் டூ ஹண்ட்ரட் யூனிட்ஸ்’ என்று மூன்றும் சரி. நடுவில் வருவது செய்தி நடை. பேச்சில் கடைசியில் வைப்பதே இயல்பு. தொடக்கத்தில் வைத்தால் அழுத்தம் விழும், பின்னால் ஒரு காற்புள்ளி போட்டுவிடுங்கள்.

‘ஸோ ஃபார்’ போட்டால் ‘இன்னும் வரும்’ என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. ‘ஷி ஹேஸ் ரிட்டன் த்ரீ நாவல்ஸ் ஸோ ஃபார்’ என்றால் அந்த எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார், நாலாவதும் எழுதக்கூடும். மறைந்த எழுத்தாளரைப் பற்றி இப்படி எழுதினால் வாசகர் திடுக்கிடுவார். அங்கே ‘ஷி ரோட் த்ரீ நாவல்ஸ்’ என்று சாதாரண இறந்தகாலம்தான். முடிந்துபோன திட்டம், மூடப்பட்ட நிறுவனம், ஓய்வுபெற்ற ஆட்டக்காரரின் ஓட்ட எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

இதனாலேயே பாராட்டும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ‘யுவர் ஒர்க் ஹேஸ் பீன் குட் ஸோ ஃபார்’ என்றால் பாராட்டுதான், ஆனால் ‘இனிமேல் எப்படியோ’ என்ற நிழல் அதில் விழுகிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது சொன்னால் பொருத்தம். வேலையை முடித்துக் கையில் கொடுத்தவரிடம் ‘ஸோ ஃபார்’ இல்லாமல் சொல்லுங்கள்.

கதை சொல்லும்போது, அதாவது எல்லாமே கடந்த காலத்தில் நடக்கும்போது, தமிழில் ‘இதுவரை’ தானாகவே ‘அதுவரை’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே மாற்ற வேண்டும். ‘அன்டில் தென்’, ‘அப் டு தட் பாயின்ட்’ என்று போட்டு, வினையை ‘ஹேட்’ சேர்த்து எழுதுங்கள்: ‘அன்டில் தென், நோபடி ஹேட் நோட்டிஸ்ட் த எரர்.’ அதுவரை யாரும் பிழையைக் கவனித்திருக்கவில்லை; அப்போது கவனித்தார்கள். சுவர் இங்கேயும் வேலை செய்கிறது பாருங்கள்.

‘யெட்’டும் ‘ஸ்டில்’லும்

‘இன்னும்’ என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவு. இன்னும் நடக்காதது ‘யெட்’. இன்னும் நிற்காதது ‘ஸ்டில்’. ‘ஹி ஹேஸன்ட் லெஃப்ட் யெட்’ என்றால் புறப்பாடு நடக்கவில்லை. ‘ஹி இஸ் ஸ்டில் ஹியர்’ என்றால் இருப்பு நிற்கவில்லை. நிலைமை ஒன்று, பார்க்கும் பக்கம் வேறு.

‘யெட்’ எதிர்மறையிலும் கேள்வியிலும் வரும், பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் வராது. ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட் யெட்’ என்று சொல்ல முடியாது. அங்கே ‘ஆல்ரெடி’. கேள்வியில் இரண்டும் வரும், ஆனால் தொனி மாறும். ‘ஹேவ் யு ஃபினிஷ்ட் யெட்?’ என்றால் முடித்தாயிற்றா என்று விசாரிப்பது. ‘ஹேவ் யு ஃபினிஷ்ட் ஆல்ரெடி?’ என்றால் அதற்குள் முடித்துவிட்டாயா என்று வியப்பது.

‘ஸ்டில்’ எதிர்மறையில் வரும்போது அதன் இடம் முக்கியம். ‘ஹேஸன்ட்’டுக்கு முன்னால் நிற்க வேண்டும்: ‘ஹி ஸ்டில் ஹேஸன்ட் ரிப்ளைட்.’ இதை ‘ஹி ஹேஸன்ட் ஸ்டில் ரிப்ளைட்’ என்று புரட்டினால் தவறு. ‘ஸ்டில் ஹி ஹேஸன்ட் ரிப்ளைட்’ என்று முதலில் வைத்தால் பொருள் ‘இருந்தாலும்’, ‘ஆனபோதிலும்’ என்று வேறு பக்கம் போய்விடும். ‘இன்னும் அவர் பதில் போடவில்லை’ என்று தமிழில் ‘இன்னும்’ முதலில் வருவதால்தான் கை தானாக அங்கே போகிறது.

இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே செய்தியை நான்கு விதமாக எழுதிப் பார்ப்போம்.

‘ஐ ஹேவன்ட் ரிசீவ்ட் எ ரிப்ளை யெட்.’ சமநிலை. தகவல் மட்டும். நினைவூட்டும் முதல் கடிதத்துக்கு இதுவே போதும்.

‘ஐ ஸ்டில் ஹேவன்ட் ரிசீவ்ட் எ ரிப்ளை.’ பொறுமை போய்விட்டது. ‘இத்தனை நாள் ஆகியும்’ என்ற குறை இதில் இருக்கிறது. இரண்டு முறை கேட்டும் பதில் வராதபோது எழுதலாம். முதல் கடிதத்திலேயே எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார்.

‘ஐ ஹேவ் யெட் டு ரிசீவ் எ ரிப்ளை.’ அலுவல் நடை, விறைப்பானது. இதில் ‘நாட்’ கிடையாது என்பதைக் கவனியுங்கள். ‘யெட் டு’ என்பதிலேயே எதிர்மறை அடங்கியிருக்கிறது. ‘ஐ ஹேவ் நாட் யெட் டு ரிசீவ்’ என்று எழுதினால் இரண்டு எதிர்மறை மோதிக்கொள்ளும்.

‘நோ ரிப்ளை ஹேஸ் பீன் ரிசீவ்ட் ஸோ ஃபார்.’ அறிக்கை நடை. யார் மீதும் விரல் நீட்டவில்லை.

‘யெட்’டின் அலுவல் உறவினர் ‘ஆஸ் யெட்’. ‘நோ டிசிஷன் ஹேஸ் பீன் மேட் ஆஸ் யெட்.’ பெரும்பாலும் எதிர்மறையோடுதான் வரும். ‘ஆஸ் ஆஃப் யெட்’ என்றும் எழுதுகிறார்கள். நடுவில் உள்ள ‘ஆஃப்’ எதையும் கூட்டவில்லை, விட்டுவிடலாம்.

இன்னும் நடந்துகொண்டிருப்பதற்கு ‘டில் நவ்’ போடுவது இன்னொரு பரவலான பிழை. ‘டில் நவ் ஹி இஸ் ஒர்க்கிங் ஹியர்’ என்று சொல்ல முடியாது. ‘ஹி இஸ் ஸ்டில் ஒர்க்கிங் ஹியர்.’ ‘ஸ்டில் நவ்’ என்று இரண்டையும் ஒட்டுவதும் வேண்டாம். ‘இப்போதும்கூட’ என்று அழுத்தம் வேண்டுமானால் ‘ஈவன் நவ்’. ‘இன்றளவும்’ என்று தமிழில் சொல்லும் இடத்தில், அதாவது பழையது ஒன்று ஆச்சரியப்படும்படி நீடிப்பதைச் சொல்லும்போது, ‘டு திஸ் டே’ என்ற தொடர் கச்சிதமாகப் பொருந்தும்.

எண்ணும் தேதியும் வரும் இடங்கள்

அறிக்கையில் மொத்தக் கணக்கைச் சொல்ல ‘டு டேட்’. ‘டு டேட், 340 அப்ளிகேஷன்ஸ் ஹேவ் பீன் ரிசீவ்ட்.’ ‘ஸோ ஃபார்’ சொல்லும் அதே பொருள்தான், உடுப்பு மட்டும் அலுவல் உடுப்பு. ‘த’ சேர்க்கக் கூடாது. நடுவில் கோடும் வேண்டாம். ‘அப் டு டேட்’ என்பது வேறு: புதுப்பிக்கப்பட்டது, கடைசித் தகவல் வரை சேர்த்தது என்று பொருள். ‘த லிஸ்ட் இஸ் அப் டு டேட்’ என்றால் பட்டியல் நிலுவை இல்லாமல் இருக்கிறது. ‘அப் டு டேட் வி ரிசீவ்ட் 340’ என்று எழுதினால் பொருள் கெடும்.

‘டில் டேட்’ என்பது தெற்காசிய ஆங்கிலத்தில் நன்றாக வேரூன்றிய தொடர். இங்கே எல்லோருக்கும் புரியும். வெளியே இருப்பவருக்கு அது அந்நியமாக ஒலிக்கும், சிலர் எந்தத் தேதி என்று தேடுவார்கள். ‘டு டேட்’ எழுதினால் இரு தரப்புக்கும் புரியும் என்பதால் பழக்கத்தை மாற்றிக்கொள்வதே லாபம்.

ஒரு குறிப்பிட்ட நாளின் நிலவரத்தைச் சொல்ல ‘ஆஸ் ஆஃப்’: ‘ஆஸ் ஆஃப் 31 மார்ச்’. பிரிட்டிஷ் கணக்கியலில் ‘ஆஸ் அட்’ என்று எழுதுவார்கள். இந்தியக் கணக்கறிக்கைகளில் ‘ஆஸ் ஆன்’ புழங்குகிறது. எதை எடுத்தாலும் ஆவணம் முழுக்க ஒன்றையே வைத்திருங்கள். ‘ஆஸ் ஆஃப் நவ்’ என்பது ‘இதுவரை’ ஆகாது. ‘இப்போதைய நிலவரப்படி’ என்று பொருள், நாளை மாறலாம் என்ற குறிப்பும் உண்டு. ‘இந்தக் கணம் முதல்’ என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். விதி எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பது போன்ற விஷயங்களில் இந்த இரட்டைப் பொருள் வம்பை இழுக்கும். அங்கே ‘கரன்ட்லி’ அல்லது ‘ஃப்ரம் டுடே’ என்று உடைத்தே எழுதிவிடுங்கள்.

‘இதற்குள்’ என்ற எதிர்பார்ப்பு இருந்தால் ‘பை நவ்’. ‘ஹி ஷுட் ஹேவ் ரீச்ட் பை நவ்’ என்றால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘இத்தனை நேரமும்’, ‘இவ்வளவு நாளும்’ என்று நீளத்தை அழுத்த ‘ஆல் திஸ் டைம்’. முதலிலிருந்தே என்றால் ‘ஆல் அலாங்’. ‘ஸோ லாங் ஐ வாஸ் வெயிட்டிங்’ என்று சொல்வது தமிழின் ‘இவ்வளவு நேரம்’ நேராக இறங்கியது. ஆங்கிலத்தில் தனியே ‘ஸோ லாங்’ என்றால் போய்வருகிறேன் என்று விடைபெறுவது.

‘ஹிதர்டூ’, ‘தஸ் ஃபார்’ இரண்டும் எழுத்து நடைக்கு மட்டும். ‘தஸ் ஃபார்’ என்றால் ‘ஸோ ஃபார்’தான். ‘ஹிதர்டூ’ நம் ‘இதுகாறும்’ போன்றது, பழைய வாசனை உடையது. அதோடு அது சுவர்ப் பக்கம் சாய்கிற சொல். ‘எ ஹிதர்டூ அன்னோன் ஸ்பீஷீஸ்’ என்றால் இதுகாறும் அறியப்படாத உயிரினம், இப்போது அறியப்பட்டுவிட்டது. பேச்சில் எடுத்துவிட்டால் மேடைப் பேச்சு போல ஒலிக்கும்.

தமிழின் ‘வரை’ இழுத்துப் போகும் மற்ற பள்ளங்கள்

‘வரை’ என்ற சொல்லுக்குக் கிளைகள் அதிகம். ‘வரும் வரை’ என்றால் ‘அன்டில்’. ‘இருக்கும் வரை’ என்றால் ‘ஆஸ் லாங் ஆஸ்’. ‘நூறு வரை’ என்றால் ‘அப் டு’. ‘முடிந்தவரை’ என்றால் ‘ஆஸ் ஃபார் ஆஸ் பாசிபிள்’. ‘எனக்குத் தெரிந்தவரை’ என்றால் ‘ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ’. எல்லாவற்றுக்கும் ‘அன்டில்’ அல்லது ‘அப் டு’ போட்டுவிடும்போதுதான் ‘அப் டு மை நாலட்ஜ்’ போன்ற தொடர்கள் உருவாகின்றன. அது ‘டு மை நாலட்ஜ்’ அல்லது ‘டு த பெஸ்ட் ஆஃப் மை நாலட்ஜ்’. ‘அப்’புக்கு அங்கே வேலை இல்லை.

‘நீ படிக்காத வரை தேற முடியாது’ என்பது நல்ல தமிழ். இதை ‘அன்டில் யு டோன்ட் ஸ்டடி’ என்று மாற்றினால் எதிர்மறை இரட்டிப்பாகிவிடும். ‘அன்டில்’ தானே எதிர்மறையைச் சுமக்கிறது. ‘யு கான்ட் பாஸ் அன்டில் யு ஸ்டடி’ என்றோ, நிபந்தனையாகச் சொல்ல வேண்டுமானால் ‘அன்லெஸ் யு ஸ்டடி’ என்றோ எழுதுங்கள்.

‘வெள்ளிக்கிழமை வரை’, ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்ற வேறுபாடு தமிழில் துல்லியமாக இருக்கிறது. ‘வரை’ என்றால் ‘அன்டில்’, ‘க்குள்’ என்றால் ‘பை’. ‘சப்மிட் த ஃபார்ம் பை ஃப்ரைடே’ என்றால் அதற்குள் கொடுத்துவிட வேண்டும். ‘த கவுண்டர் இஸ் ஓப்பன் அன்டில் ஃப்ரைடே’ என்றால் அதுவரை தொடர்ந்து திறந்திருக்கும். ஒரே தடவையில் முடியும் செயலுக்கு ‘பை’, நீண்டுகொண்டே இருக்கும் நிலைக்கு ‘அன்டில்’. ஆனால் ‘அன்டில் ஃப்ரைடே’ என்னும்போது வெள்ளிக்கிழமையும் சேர்த்தியா என்பதில் ஆங்கிலம் புழங்குகிறவர்களுக்கே தகராறு உண்டு. கடைசித் தேதி முக்கியம் என்றால் ‘அப் டு அண்ட் இன்க்ளூடிங் ஃப்ரைடே’ என்று எழுதுங்கள். அமெரிக்கர்கள் இதையே ‘த்ரூ ஃப்ரைடே’ என்று சுருக்கிவிடுகிறார்கள்.

‘2015 முதல் இதுவரை இங்கே வேலை செய்கிறேன்’ என்பதில் ‘இதுவரை’யை மொழிபெயர்க்கவே வேண்டாம். ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015.’ ‘சின்ஸ்’ஸும் ‘ஹேவ் பீன்’னும் சேர்ந்தே இன்று வரை வந்துவிடுகின்றன, ‘டில் நவ்’ சேர்த்தால் உபரி. தொடக்கப் புள்ளிக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’. ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ கிடையாது, ‘ஃபார் டென் இயர்ஸ்’. நேர்முகத் தேர்வில் ‘ஐ ஒர்க்ட் தேர் டில் நவ்’ என்று சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று எதிரில் இருப்பவர் குறித்துக்கொள்ளலாம்.

‘இதுவரை பார்த்ததிலேயே’ என்பதற்கு ‘எவர்’: ‘த பெஸ்ட் பிளே ஐ ஹேவ் எவர் சீன்.’ ‘இதுவரை பார்த்ததே இல்லை’ என்பதற்கு ‘நெவர்’: ‘ஐ ஹேவ் நெவர் சீன் இட்.’ ‘முதல் முறையாகப் பார்க்கிறேன்’ என்பதில் தமிழ் நிகழ்காலத்தைப் போடுகிறது, ஆங்கிலம் பெர்ஃபெக்ட்டைக் கேட்கிறது: ‘திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் சீன் இட்.’ ‘இப்போதுதான் வந்தார்’ என்பதை ‘நவ் ஒன்லி ஹி கேம்’ என்று சொல்லாமல் ‘ஹி ஹேஸ் ஒன்லி ஜஸ்ட் கம்’ அல்லது ‘ஹி ஹேஸ் ஜஸ்ட் கம்’ என்று சொல்லுங்கள்.

ஒரு அறிக்கைப் பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

வாராந்தர அறிக்கையில் இப்படி ஐந்து வாக்கியங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘டில் டேட் வி கம்ப்ளீட்டட் எய்ட் மாட்யூல்ஸ். டில் நவ் டெஸ்டிங் டீம் டிட் நாட் ஸ்டார்ட். கிளையன்ட் ஹேஸ் நாட் அப்ரூவ்ட் த டிசைன் அன்டில் நவ். வி வில் ஃபினிஷ் த ரெஸ்ட் அன்டில் ஃப்ரைடே. அப் டு மை நாலட்ஜ் தேர் இஸ் நோ டிலே.’

முதல் வாக்கியம் மொத்தக் கணக்கு, வேலை தொடர்கிறது: ‘டு டேட், வி ஹேவ் கம்ப்ளீட்டட் எய்ட் மாட்யூல்ஸ்.’ வினையும் மாறியதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, தொடங்கக் காத்திருப்பது: ‘த டெஸ்டிங் டீம் ஹேஸ் நாட் ஸ்டார்ட்டட் யெட்.’ அந்தக் குழு மீது குறை சொல்லும் எண்ணம் இல்லை என்றால் ‘ஸ்டில்’ வேண்டாம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. ‘அன்டில் நவ்’ இருப்பதால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று யாராவது வேலையைத் தொடங்கிவிடக்கூடும். ‘த கிளையன்ட் ஹேஸ் யெட் டு அப்ரூவ் த டிசைன்’ என்று மாற்றினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

நான்காவது ‘க்குள்’: ‘வி வில் ஃபினிஷ் த ரெஸ்ட் பை ஃப்ரைடே.’ ஐந்தாவது: ‘டு மை நாலட்ஜ், தேர் ஹேஸ் பீன் நோ டிலே ஸோ ஃபார்.’ இங்கே ‘ஸோ ஃபார்’ சேர்த்தது வேண்டுமென்றேதான். இன்று வரை தாமதம் இல்லை என்று மட்டுமே அது உறுதி கொடுக்கிறது. வெள்ளிக்கிழமை வரை நடக்கப்போவதற்கு இந்த வாக்கியம் பொறுப்பேற்கவில்லை.